லாலேக்குக் காது கேட்கிறது

நோபிள் பார்க்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் நிரோஜனுக்கு,

இங்கே அம்மாவும் நானும் மருமகள் நஸ்தரனும் குழந்தையும் நல்ல சுகம், அந்தச் சுரங்க வெக்கையில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் நீ களைத்துப்போய்ப் பேசுகிறாய், லைனும் அடிக்கடி அறுந்துபோகிறது, அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. உன் மகள் லாலேக்குக் காதிலும் குறையில்லை, விளக்கத்திலும் குறையில்லை. வெள்ளிக்கிழமை டண்டினோங்கில் ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டிவிட்டு வந்தோம். அம்மா வீட்டுக்கு வந்து சாமிப் படத்துக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் தேத்தண்ணியே குடித்தார்.

இரண்டு வயதாகியும் பிள்ளை ஒரு பொருளின் பெயரும் சொல்கிறாள் இல்லை, தொப்பியை எடு என்றாலும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், காது கேட்கிறதோ தெரியாது என்று சைல்ட்கெயாரில் சொன்னதும், நீ இனி வீட்டில் நஸ்தரனின் பாரசீகமும் வேண்டாம் எங்கள் தமிழும் வேண்டாம், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை. படகில் வந்த புதிதில் நீ பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காமல் இருந்தது எனக்கும் மறக்கவில்லை, உன் பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் சொன்னாய். ஆனால் நஸ்தரன் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாள். குசினியிலும் பிள்ளையைக் குளிக்கவார்க்கும்போதும் தேடித்தேடி இங்கிலீஷ் பேசினாள், பாட்டுப் பாடுவதை நிறுத்தினாள், போகப்போகத் தாயும் மகளும் பேச்சையே குறைத்துக்கொண்டார்கள். ஒருநாள் உடுப்பு மடித்துக்கொண்டு நின்றவள், “எனக்கு இங்கிலீஷில் பிள்ளையை அதட்டத்தான் தெரியும் மாமா, கொஞ்சத் தெரியாது” என்று சொன்னாள், அதையும் இங்கிலீஷிலேயே சொன்னாள்.

தெரபிஸ்ட் பாரசீகம் பேசும் ஒரு பெண்ணை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார். பாயில் சப்பாத்து, கரண்டி, சீப்பு, பந்து எல்லாம் பரப்பிவைத்து முதலில் இங்கிலீஷில் கேட்டார்கள். லாலே தாயின் மடியில் முகத்தைப் புதைத்துவிட்டாள். பிறகு அந்தப் பெண் நிலத்தில் உட்கார்ந்து, “கஃப்ஷ் கூ?” என்று கேட்டார். சப்பாத்து எங்கே என்று அர்த்தமாம். லாலே தலையைத் தூக்கிப் பார்த்தாள், மெல்ல இறங்கிப் போய்ச் சப்பாத்தை எடுத்துத் தன் காலில் மாட்டப் பார்த்தாள். சீப்பைக் கேட்டதும் எடுத்து அந்தப் பெண்ணின் தலையை வாரத் தொடங்கிவிட்டாள். கேட்டது ஒன்றிலும் பிழைவிடவில்லை. கிளாசைக் காட்டியதும் ‘ஆப்’ என்றாள். அது தண்ணீர். குழாயைக் கண்டாலும் மழையைக் கண்டாலும் அவள் அதையேதான் சொல்லுவாள், நாங்கள் வெறும் மழலை என்று இருந்தோம், நஸ்தரனோ பிள்ளை பிழையாகச் சொல்கிறாள் என்று கவலைப்பட்டாள். பிள்ளைகள் முதலில் விளங்கிக்கொள்வார்கள், பெயர் சொல்லுவது பிறகுதான் வரும், ஒரு சொல்லைப் பல பொருளுக்குச் சொல்லித்தான் பின்னர் பிரித்தறிவார்கள், எந்த மொழியில் தெரிந்தாலும் தெரிந்ததுதான் என்று தெரபிஸ்ட் விளக்கினார். பேச்சுக் கொஞ்சம் பிந்துகிறது, தொடர்ந்து பார்ப்போம், ஆனால் வீட்டில் உங்கள் பாஷையிலேயே பேசுங்கள் என்றார். நஸ்தரன் அங்கேயே அழுதுவிட்டாள். திரும்பி வரும்போது கடை, மரம், ட்ரெயின் என்று கண்டதையெல்லாம் பாரசீகத்தில் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, காது மட்டும் குளிர்ந்தது.

ஆனபடியால் தம்பி, நீயே நஸ்தரனுக்குப் போன் எடுத்து, நான் சொன்னதை விட்டுவிடு என்று உன் வாயால் சொல்லு. பிள்ளையோடும் தமிழில் சும்மா கதை, அது என்ன இது என்ன என்று சோதிக்காதே. நேற்றுக் காலை லாலே பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் உன் படத்தைத் தொட்டு, “பாபா ரஃப்த்” என்றாள். முதன்முதலாக இரண்டு சொல்லைச் சேர்த்துவிட்டாள் என்று நஸ்தரன் கைதட்டினாள், நாங்களும் தட்டினோம், அர்த்தம் கேட்டபிறகு அம்மாவின் கை நின்றுவிட்டது. அப்பா போயிட்டார் என்று அர்த்தமாம். வந்துவிட்டார் என்பதற்கு ‘ஊமத்’ என்று சொல்ல வேண்டுமாம். அதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த மாத லீவைத் தள்ளிப்போடாமல் வந்து கதவடியில் நில், பிள்ளை உன்னைப் பார்த்துத் தானாகச் சொல்லட்டும்.

கந்தன் எப்போதும் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா,
விக்னராஜா