அந்தம்மாவிடம் போன துப்பாக்கி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே பிள்ளைகளும் நானும் நலம். உங்கள் வலது கண் எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். நீங்களாகப் பரவாயில்லை என்று எழுதினால் நம்ப மாட்டேன். இடது கண்ணால் படிக்கத் தோதாக எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

முதலில் துப்பாக்கி விஷயம். உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து உட்காரக்கூட இல்லை, துப்பாக்கி செய்த கம்பெனியின் இன்ஜினியர் பழக்கூடையோடு வாசலில் நிற்கிறார். வெடித்த துப்பாக்கியைக் கொடுத்தால் அவர்கள் பட்டறையிலேயே இலவசமாகச் சோதித்துச் சொல்வார்களாம். பேச்சோடு பேச்சாக, கோச் சார் மருந்து அதிகமான தோட்டாவைப் போட்டிருப்பார் என்று ஒரு வார்த்தையும் விட்டார். சோதிக்கும் முன்பே முடிவு தெரிந்துவிட்டது மகானுக்கு! கிளப் செயலாளரும் அதற்கே தலையாட்டுகிறார். தப்பு உங்கள் பேரில் விழுந்தால் கோச் வேலையும் போச்சு, லைசென்ஸும் போச்சு. உங்களிடம் சுடப் பழகும் பிள்ளைகளோ அதே மாடலைத்தான் கன்னத்தில் வைத்துச் சுடுகிறார்கள்.

அப்போதுதான் போனில் சொன்னீர்கள், கம்பெனிக்குக் கொடுக்காதே, அவளிடம் கொண்டுபோ என்று. அவள்! ஊரே மேடம் என்கிற துப்பாக்கி நிபுணர், உங்களுக்கு மட்டும் அவள். கல்லூரி ரைஃபிள் டீமில் பக்கத்துப் பக்கத்தில் படுத்துச் சுட்டவர்கள்தானே, உரிமை இருக்கும். உலகத்தில் வேறு நிபுணரே இல்லையா என்று வாய் வரை வந்தது. உங்கள் கண்ணை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

கிளப் துப்பாக்கி அறைக்குப் போனால், அதைப் பார்த்துக்கொள்ளும் நம் எண்ணெய்த்துணி அண்ணன் வெடித்த துப்பாக்கியை மடியில் வைத்துத் துடைக்கப் போகிறார். துடைக்காமல் எதையும் உள்ளே வைத்ததில்லையாம். போட்டேன் ஒரு சத்தம்! போலீஸ் அனுமதி வாங்கி, துண்டுகளையும் அன்று நீங்கள் சுட்ட பெட்டியில் மிச்சமிருந்த தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு அந்த அண்ணனோடுதான் அந்தம்மாவிடம் போனேன்.

அந்தம்மா தலைக்குச் சாயம்கூடப் பூசவில்லை. அப்படியும் லட்சணமாக இருந்தார். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். கையுறை போட்டு ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்தார். அறுத்துப் பார்ப்பதானால் கம்பெனி ஆளையும் எதிரில் வைத்துத்தான் அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் கைவைத்துக் கெடுத்தோம் என்பார்கள் என்றார். தோட்டாக்களில் மருந்து சரியான அளவுதான். நடுவில் தலையைத் தூக்காமலே, சுடும் முன் அவர் இன்னும் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாரா என்று கேட்டார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியாது. அதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டார் என்று சொல்லிவைத்தேன்.

பிறகு லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பின்பக்கம் பூட்டும் இரும்பு உடைந்த இடத்தில் ஒரு பாதி பளபளப்பு, மறுபாதி கறுப்பு. பளபளப்பு அன்று உடைந்தது. கறுப்பு பழைய விரிசல், செய்யும்போதே விழுந்ததாக இருக்கலாமாம். அழுதேவிட்டேன். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். முடியாது என்றுவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! பழைய கணக்கைத் தீர்க்கிறீர்களா என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கோர்ட்டில் என்னிடம் முதல் கேள்வியே, கோச் உங்களுக்கு வேண்டியவரா என்பதுதான், இல்லை என்று என்னால் சொல்ல முடியாது என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த இரும்பைப் பார்த்துத்தான் சொன்னார்.

உங்களையும் தெரியாத, கம்பெனியையும் தெரியாத, இதே தொழிலில் உள்ள ஒரு பெரியவரிடம் அந்தம்மாவே அனுப்பிவைத்தார். பழக்கூடை இன்ஜினியர் பார்த்துக்கொண்டிருக்கத்தான் அறுத்தார்கள். விரிசல் செய்யும்போதே விழுந்தது, சுட்டவர் மேல் தப்பில்லை என்று பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். செயலாளர் வீடு தேடி வந்து, கோச் சார் எப்போது வருகிறார் என்று குழைகிறார். கிளப்பில் அந்த மாடல் துப்பாக்கி எல்லாவற்றையும் பூட்டிவைத்தாயிற்று.

சந்தோஷம்தான். ஆனால் காசை வாங்கிக்கொண்டு அந்தம்மாவே ஒரு கையெழுத்தைப் போட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நஷ்டஈட்டு வழக்கு வரும். கம்பெனி வக்கீல் அதே கேள்வியை உங்களிடமும் கேட்பார், அந்தம்மா உங்களுக்கு வேண்டியவரா என்று. அங்கே உண்மையைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் நானும் ஒரு தடவை கேட்பேன். என்னிடம் மட்டும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் கண்ணுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருக்கும்,
உங்கள் மனைவி