தவிட்டுக்கு விற்ற பிள்ளையின் கணக்கு

டீச்சர்,

பண்டமாரான் பஸ் ஸ்டாப்பில் வாழைப்பழம் பொரிக்கும் வாசனை வந்தாலே, இன்றைக்கும் எனக்கு உங்கள் மேல் எரிச்சல் வருகிறது. போய்ச் சேர்ந்தவர் மேல் எரிச்சல்படக் கூடாதுதான். என்ன செய்ய? எண்பதுகளில் அந்தப் பழக்கடைக்குப் பின்னால்தானே ஞாயிறு மத்தியானம் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். விடை சரியாக வரும்வரை யாரையும் எழுந்திருக்க விடமாட்டீர்கள். பசியோடு பெருக்கல் போட்டவர்களுக்குத்தான் அந்த வாசனையின் கொடுமை தெரியும்.

எங்களைப் போல் புருஷனை இழந்தவர்களுக்கு வெல்ஃபேர் ஆபீஸில் பிள்ளைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கொடுத்தார்கள். கொடுத்ததை வாங்கி நாங்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவோம். "கும்பிடாதேங்கோ, பெருக்கிப் பாருங்கோ" என்று கரும்பலகையைத் தட்டுவீர்கள். கரும்பலகை என்றா சொன்னேன்? யாரோ தூக்கிப்போட்ட அலமாரிக் கதவு அது. கைப்பிடிகூட இருந்தது. ஒருநாள் அதில் உங்கள் சேலை மாட்டிக்கொண்டு... சரி, அதை விடுங்கள்.

ஒரு ஞாயிறு என் கணக்குச் சரியாக வந்தது. மூன்று பிள்ளைக்கு மூன்று பங்கு. பழம் வாங்கப் போகலாம் என்று எழுந்தேன்.

"நில்லுங்கோ. உங்கட கடைக்குட்டி எங்க?" என்றீர்கள்.

பக்கத்து வீட்டு மாரியாயி முந்திக்கொண்டாள். "அவன் எம்புள்ளலா, டீச்சர். ஒரு பிடி தவிட்டுக்கு வாங்கினேன்."

மூத்த மூன்றுக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் இவன் பிறந்ததும், எங்கள் வழக்கப்படி மாரியாயிக்கு விற்றுவிட்டேன். சோறு போடுவது நான்தான். ஆனால் என் பிள்ளை என்று சொன்னால் எமன் காதில் விழுந்துவிடுமே! ஆபீஸில் மட்டும் எப்படிச் சொல்வேன்?

நீங்கள் தலையில் கை வைத்தீர்கள். "கண்டறியாத கணக்கு! வாற வருஷம் அவன் பள்ளிக்கூடம் போகவேணும். காசுக்கு என்ன செய்வியள், அக்கா?"

"படிக்கலைன்னாலும் உசுரோட இருப்பான், டீச்சர்."

நீங்கள் கத்தினீர்கள். நானும் கத்தினேன்.

அடுத்த ஞாயிறு ஒரு பையோடு வந்தீர்கள். கிள்ளான் டவுன் முழுக்க அலைந்து கோழித்தீவனக் கடையில் வாங்கிய தவிடு. மாரியாயி முன்னால் வைத்து, "பிள்ளையைத் திருப்பிக் குடுங்கோ" என்றீர்கள்.

அவளா விடுவாள்? "அப்ப கைப்புள்ள. இப்ப மரம் ஏறுறான். ஒரு பிடி பத்தாதுலா."

"முழுப் பையையும் எடுங்கோ, தாயே!"

அப்படியும் என் பயம் போகவில்லை. மறுநாள் ஆபீஸில், பிள்ளைகள் எத்தனை என்று அதிகாரி கேட்டார். கூட வந்திருந்த உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்களாவது சொல்லியிருக்கலாம். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கடைசியில், எமனுக்கு மலாய் தெரியாது என்ற தைரியத்தில், "அம்பாட்" என்றேன். நாலு.

கடைக்குட்டி பள்ளிக்கூடம் போனான். இப்போது அவனுக்கே பிள்ளைகள் இருக்கின்றன. ஆனாலும் யாராவது கேட்டால் இன்றைக்கும் "அம்பாட்" என்றுதான் சொல்கிறேன். சொன்ன உடனே மனசு தானாகப் பெருக்கத் தொடங்கிவிடுகிறது. முடிக்காமல் விடுவதில்லை. இந்தத் தொல்லையை என் தலையில் ஏற்றிவிட்டு, விடை சரியா என்று பார்க்காமலே எழுந்து போய்விட்டீர்களே, டீச்சர்.