திருப்பிப் போட்ட தகடு

பிப்ரவரி 3

பல் டாக்டர் இன்னொரு பல்லையும் பிடுங்க வேண்டும் என்கிறார். இப்படியே போனால் எனக்கு வாயே மிஞ்சாது என்றேன். "அது மட்டும் மிஞ்சும், கவலைப்படாத" என்றாள் அக்கா.

சாயங்காலம் துறைமுக அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பழைய பயணிகள் கப்பல்களில் வேலை பார்த்தவர்களை ஒன்றாக உட்காரவைத்து, பேசவிட்டு, பதிவு செய்யப் போகிறார்களாம். முதல் வகுப்பு அறைகளில் பதினாறு வருடம் படுக்கை விரித்தவளுக்கு இப்போதாவது மரியாதை வருகிறதே. அக்காவிடம் சொன்னேன். "நீ போயிட்டு வா. என்னைக் கூப்பிடாத" என்றாள்.

கூப்பிட மாட்டேன். அவள் கணவர், என் மாமா, அதே கப்பலில் ரொட்டி அடுப்பில் இருந்தவர். எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஓடும் கப்பலிலிருந்து கடலில் விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அக்கா கடல் பக்கம் நடப்பதில்லை. சந்தைக்குக்கூடச் சுற்றுவழியில்தான் போகிறாள்.

பிப்ரவரி 11

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. பரவாயில்லை, படிக்கப் போவது நான்தானே.

காலையில் நன்றாகத்தான் ஆரம்பித்தது. எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது, தொப்பை போட்டுவிட்டது, புளுகு மட்டும் அப்படியே இருக்கிறது. புயலடிக்கும்போது தட்டு வழுக்காமலிருக்க மேசைவிரிப்பைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்குவோமே, அதைப் பற்றிச் சாப்பாட்டுக்கூடப் பணியாளர் ஒருவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு சலவைக்கூடத்துக் கஞ்சி அண்ணன் பேசினார். உடுப்புகளுக்குக் கஞ்சி போட்டுப் பலகையாக்கிவிடுவார் என்பதால் அந்தப் பெயர்.

அவர் தகடுகளைப் பற்றிச் சொன்னார். எங்கள் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளைத் தகடு உண்டு. கப்பலில் ஏறும் இடத்தில் பலகையில் தொங்கும். கரைக்குப் போகும்போது வெறும் பக்கம் தெரியத் திருப்பிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் எண் பக்கம் திருப்ப வேண்டும். புறப்படும் முன் அதிகாரி பலகையைத்தான் பார்ப்பார், முகத்தையல்ல. யாராவது தாமதமானால் வேலை போய்விடுமே என்று முன்னால் வந்தவன் அவன் தகட்டையும் திருப்பிப் போட்டுவிடுவான். எல்லோரும் எல்லோருக்கும் செய்ததுதான்.

"ரொட்டிக்கார அண்ணனுக்கு நான் கடைசியா செஞ்ச உதவியும் அதுதான்" என்றார் கஞ்சி அண்ணன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "வெளிநாட்டுத் துறைமுகம், கரைக்குப் போயிட்டுத் திரும்பிட்டிருந்தோம். செருப்பு வார் அறுந்துபோச்சு, நீ போ, பின்னாலயே வரேன்னாரு. நல்ல மழை. நான் ஓடிவந்து அவரு தகட்டையும் சேர்த்துத் திருப்பிட்டேன். பாவம், அன்னைக்கு ராத்திரியே கடல் கொண்டுபோயிடுச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பிறகுதான் உறைத்தது.

"அண்ணே, அவரு ஏறினதை நீங்க பார்த்தீங்களா?"

"ஏறியிருப்பாரும்மா."

"பார்த்தீங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். முகம் வெளுத்துவிட்டது. பதிவு செய்த பெண் என்னைப் பார்த்து, "நிறுத்திடவா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 12

கப்பலில் ஏறாதவர் எப்படிக் கடலில் விழுவார்?

பிப்ரவரி 14

விடிவதற்கு முன் மாவு பிசைய அவர் வரவில்லை என்றதும் கப்பல் முழுக்கத் தேடினார்கள். தகடு 'உள்ளே' என்றது, ஆள் இல்லை. அப்படியானால் கடல்தான். கப்பலைத் திருப்பினார்கள். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து "மாமா, மாமா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முதல் வகுப்புக்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றினார்கள். யாருக்கு? கரையில் நின்ற ஆளுக்கு.

கம்பி நீட்டிவிட்டார். வேறென்ன? அங்கே யாரை வைத்திருந்தாரோ. நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று ஊரே சொன்னதே. அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பாவி, அவள் ஆயுசில் பாதியைத் தின்றுவிட்டான். எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன், இருக்கிற பல்லை.

சொல்வதா? எழுபத்தாறு வயதில் ஒருத்தியிடம் போய், உன் புருஷன் சாகவில்லை, உன்னை விட்டு ஓடிப்போனான் என்று எந்த வாயால் சொல்வது?

பிப்ரவரி 17

சொல்லவில்லை.

பிப்ரவரி 19

சொல்லிவிட்டேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "பாத்திரத்து மேல என்னடி கோவம்? ஒரு வாரமா அதைப் போட்டு அடிக்கிற" என்றாள். அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தகடு, மழை, செருப்பு வார். நடுநடுவே மாமாவைத் திட்டவும் செய்தேன்.

அவள் அழவில்லை. அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ கடல்ல தேடினாங்க" என்றாள்.

"ஆமா."

"கரையில யாருடி தேடினா?"

எனக்குப் புரியவில்லை.

"உங்க மாமா ஓடுற ஆள் இல்ல. எனக்குத் தெரியும். அவருக்கு அங்க என்னமோ ஆயிருக்கு. கீழ விழுந்து கிடந்தாரோ, வண்டி அடிச்சுதோ. கப்பல்ல இருக்காருன்னு பலகை சொல்லுச்சுன்னா, அந்த ஊர்ல அவரை யாரு தேடியிருப்பா?"

யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஒருவர்கூட. இது ஏன் எனக்குத் தோன்றவேயில்லை? பதினாறு வருடம் கப்பலில் இருந்தவள் நான். அவள் ஒரு நாள்கூட ஏறியதில்லை.

பிப்ரவரி 21

கஞ்சி அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரக் கால் எழவில்லை. என்னைத் திட்டுங்க என்றார். அக்கா திட்டவில்லை. "உள்ள வந்து உட்காருங்க. அவரை எந்த இடத்துல விட்டுட்டு வந்தீங்க, அதைச் சொல்லுங்க" என்றாள். கிடங்குகள் முடிகிற இடம், சரக்கு லாரிகள் திரும்பும் முனை என்றார். டீ ஆறிப்போயிற்று.

மார்ச் 8

அந்தத் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் தங்கும் விடுதி ஒன்று இன்னும் இருக்கிறதாம். அருங்காட்சியகத்துப் பெண் நம்பர் பிடித்துக் கொடுத்தாள். கப்பலில் கற்ற அரைகுறை இங்கிலீஷில் விடுதிப் பொறுப்பாளரிடம் பேசினேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். என்ன சொல்லிவிடப் போகிறார், எத்தனை காலம் ஆகிவிட்டது.

மார்ச் 22

போன் வந்தது.

விடுதியில் முன்பு சமையல்காரராக இருந்தவர், இப்போது மிகவும் வயதானவர், அவருக்கு நினைவிருக்கிறதாம். மழைநாளில் லாரி அடித்து ஒரு ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தலையில் அடி. பேச்சு வரவில்லை, யாரென்று தெரியவில்லை. கரையில் ஆளை விட்டுவிட்டு எந்தக் கப்பலும் போகவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். கப்பலிலிருந்து கரைக்கு வந்த ஆள்தான் இவர் என்று சமையல்காரருக்கு மட்டும் தோன்றியிருக்கிறது. தினமும் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறார்.

"அவர் ரொட்டியைச் சாப்பிட மாட்டார். பிட்டு, உள்ளே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பார்த்துவிட்டு என்னை முறைப்பார். நன்றாக நினைவிருக்கிறது, எனக்குக் கோபம் வரும்" என்று அந்தக் கிழவர் சொன்னாராம்.

அக்காவிடம் அப்படியே சொன்னேன். "இங்கயும் அப்படித்தான்" என்றாள். "கல்யாணமான புதுசுல கடை ரொட்டி வாங்கி வச்சேன், அதையும் இப்படித்தான் அமுக்கிப் பார்த்தாரு." அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். அவரை ஓடிப்போனவன் என்று எழுதினேனே, இந்தக் கையால்.

மாமா அந்த மாதக் கடைசியில் இறந்துவிட்டாராம். விடுதிக்காரர்கள் தங்கள் இடத்திலேயே புதைத்து, கல் நட்டிருக்கிறார்கள். கல்லில் பெயர் இல்லை.

ஏப்ரல் 6

அக்காவை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன், பாஸ்போர்ட் படத்துக்கு. கஞ்சி அண்ணனும் எங்களோடு வருகிறார், அந்த முனையைக் காட்ட. அக்காதான் வரச் சொன்னாள்.

விளக்கு முன்னால் உட்கார்ந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு போட்டோக்காரரிடம், "ரொம்ப வயசானவளாத் தெரியுறேனா?" என்று கேட்டாள்.

"பாஸ்போர்ட்டுக்குத்தானேம்மா, யாரு பார்க்கப் போறா?"

"முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு வீட்டுக்காரரைப் பார்க்கப் போறேன், தம்பி."

அவர் என்னைப் பார்த்தார். விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்தார்.