தனம் அக்கா கட்டிவிடாத கதை

என் உயிருக்கு நெருக்கமான தனம் அக்கா,

ஐப்பசி வந்தால் நீ போய் ஒரு வருஷம். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டுமென்று, உன் வீட்டில் இப்போது குடியிருப்பவர்கள் ஏணி போட்டு ஏறியிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உடைந்த ஓட்டை அவர்கள் கீழே போடும்போதெல்லாம், நீதான் உள்ளே ஏதோ உருட்டுகிறாய் என்று தோன்றுகிறது.

உஷா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்பும் பாஸ் பண்ணிவிட்டாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்திருக்கிற ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். ஊத்துக்கோட்டையில் பஸ் மாறிப் போகவேண்டும். அவள் அப்பா சரி என்கிறார். நான்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? “போவட்டும் வுடு வசந்தா, கம்பெனி இன்னா அவள முழுங்கிடப் போவுதா” என்றிருப்பாயோ?

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றேதான் எழுதுகிறேன். நீ கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள். ஆனால் முழுதும் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் நம் சந்து தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே பின்கட்டைப் பங்கு போட்டுக்கொண்ட குடித்தனங்கள். ஆண்கள் ஆவடிக்கும் பெரம்பூருக்கும் விடியற்காலை ரயில் பிடிக்கிறவர்கள். பெண்களில் அப்படிப் போனவள் நீ ஒருத்திதான், பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு. வாரம் முழுதும் ரயிலில் கேட்டது, வார்டில் பார்த்தது எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுக்கு அவிழ்ப்பாய். கறிக்குழம்பு சாப்பிட்ட மயக்கம், காயாத தலைமுடி, சிமெண்டுத் தரையில் நாங்கள் எல்லாரும். துவைக்கிற கல்மேல் நீ.

மருமகள் மாமியாருக்கு மருந்து மாற்றிக் கொடுத்த கதை, டிக்கெட் பரிசோதகரைக் கண்டதும் ஊமையாகிவிட்ட மாப்பிள்ளையின் கதை. எது நடந்தது, எதில் நீ உப்புக் காரம் சேர்த்தாய் என்று நாங்கள் கேட்டதில்லை. பழவேற்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஜைனபு மட்டும், “அக்கா, இதுல பாதி பொய்யி” என்று சிரிப்பாள். “மீதி பாதி நல்லாக் கீதா இல்லியா?” என்பாய் நீ.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பேச்சும் வந்தது. ஆற்றில் எங்கோ பாலம் கட்டுகிறார்களாம், தூண் நிற்கவில்லையாம், குழந்தையைக் காவு கேட்கிறதாம், அதற்காகச் சாக்கோடு ஆள் சுற்றுகிறானாம். நீ சொன்னபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. சைக்கிள் கடை மாணிக்கத்தின் பெண்சாதி, தன் மகனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்த வாரம் முழுதும் சந்தில் ஒரு பிள்ளையும் விளையாடவில்லை. விளக்கு வைத்தால் கதவு சாத்திக்கொண்டது. ஆண்கள் தலைமாட்டில் தடியோடு தூங்கினார்கள்.

அடுத்த ஞாயிறு, உஷாவைக் காணவில்லை.

ஆறு வயது அவளுக்கு. அவள் அப்பா செவ்வாப்பேட்டையில் இருக்கும் தங்கையைப் பார்க்கச் சாப்பிட்ட கையோடு ரயிலுக்குக் கிளம்பினார். நானும் வருவேன் என்று அழுதவளை அதட்டி உட்கார வைத்தேன். பாத்திரம் விளக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். அப்புறம் எனக்கே தெரியாமல் என் வாயிலிருந்து சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்குச் சந்து முழுதும் வெளியே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா அவன் வர வேண்டும்? முடி வாங்குகிறவன். சீப்பில் சிக்கி உதிர்ந்த முடியைப் பெண்கள் சுருட்டி வைத்திருந்து கொடுத்தால், பதிலுக்கு ஊக்கும் ரிப்பனும் தருவான். ஆந்திராப் பக்கத்து ஆள். வழக்கமாக ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நாட்களில்தான் வருவான், அதனால் அவர்களில் ஒருவருக்கும் அவனைத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவன் தோளில் சாக்கைப் பார்த்ததும், தெரிந்த முகமே வேறு முகமாகத் தெரிந்தது.

மாணிக்கம்தான் முதலில் சட்டையைப் பிடித்தான்.

“சாக்குல இன்னாடா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் வாயிலேயே ஒரு அடி. சாக்கைப் பிடுங்கிக் கொட்டினார்கள். முடி. கறுப்பும் நரையுமாகச் சுருள் சுருளாக முடி. அதற்கு நடுவில் ஒரு சின்னப் பின்னல், நுனியில் ரிப்பன் கட்டியபடி.

கூட்டத்தில் எழுந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அது கோபமா பயமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. யாரோ அவனை ஸ்டேஷன் வேலியோடு சேர்த்துக் கட்டினார்கள். யாரோ தடி எடுத்து வந்தார்கள். “நேனு காதம்மா, நேனு காது” என்று, நானில்லை நானில்லை என்று, ரத்தத்தோடு அவன் உளறினான். நம் ஊரில் தெலுங்கு புரியாதவர்கள் யார்? எல்லாருக்கும் புரிந்தது. யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் நீ வந்தாய். தலைமுடி ஈரமாகத் தொங்கியபடியே வந்து அவனுக்கு முன்னால் நின்றாய்.

“அவன வுடு மாணிக்கம்.”

“நீ தள்ளிக்க அக்கா. கொழந்தய இன்னா பண்ணான்னு இவன் வாயாலயே வர வைக்கிறேன்.”

“வாயத்தான் ஒடச்சிட்டியே, எப்படி வரும்?”

எனக்கு அன்று உன்மேல் வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன்? உன் கையைப் பிடித்து இழுத்தேன். “எம் பொண்ணக் காணோம், நீ இவனுக்குப் பரிஞ்சுகினு நிக்கிறியா” என்று கத்தினேன். நீ என்னைத் தள்ளவில்லை. குனிந்து அந்தச் சின்னப் பின்னலை எடுத்து என் கையில் வைத்தாய்.

“பாரு வசந்தா. நீ பெத்தவ. தெனம் பின்னி வுடுறவ. பாத்துச் சொல்லு.”

விரலால் தடவிப் பார்த்தேன். உஷாவுக்குச் சுருட்டை முடி. இது நேராக இருந்தது. தெரிந்தும், சொல்ல நாக்கு எழவில்லை. இல்லை என்று சொன்னால் அவனை விட்டுவிடுவார்கள், பிறகு நான் யாரைப் பிடித்து என் பிள்ளையைக் கேட்பேன்? அப்படித்தான் என் மனசு போனது. நீ என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“இது உஷாவோடது இல்ல,” என்றேன்.

“உஷாவுது இல்லன்னா வேற யாரோ புள்ளயோடது,” என்றான் மாணிக்கம். தடி ஓங்கினான்.

“காய்ச்சல்ல படுத்த கொழந்தைக்கு முடி கத்திரிப்பாங்க, அத்த விப்பாங்க. என் வார்டுல நானே கத்திரிச்சிக்கிறேன். இந்தக் குவியல்ல என் முடியும் கீது. யார் யார் குடுத்தீங்கன்னு சொல்லுங்கடி.”

எல்லாரும் புருஷனுக்குத் தெரியாமல் கொடுத்தவர்கள். தலைமுடியை விற்பது வீட்டுக்கு ஆகாது என்று அடி விழும். கடைசியில் ஜைனபுதான் முக்காட்டை இழுத்துக்கொண்டு, “நானும் குடுத்துக்கிறேன்” என்றாள். அதற்கும் கூட்டம் அடங்கவில்லை. பாலத்துக்குக் காவு கேட்கிறது, பாலத்துக்குக் காவு கேட்கிறது என்று பின்னால் நின்றவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

நீ ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாய். அதை நான் பார்த்தேன்.

“மாணிக்கம், புள்ள புடிக்கிறவன் வரான்னு உனக்கு யாரு சொன்னது?”

“ஊரே சொல்லுது.”

“ஊரு இன்னா ஊரு. உம் பொண்டாட்டி சொன்னா. அவளுக்கு யாரு சொன்னது? நான். எனக்கு யாரு சொன்னாங்க தெரியுமா? யாரும் சொல்லல. பாலமும் இல்ல, காவும் இல்ல. அன்னிக்குப் பேச ஒண்ணும் இல்ல, நானே கட்டிவுட்டேன். அடிக்கிறதுன்னா என்னிய அடி.”

ஓங்கிய தடி அப்படியே நின்றது. அவர்கள் பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை நீ கையிலிருந்து பிடுங்கிவிட்டாய். மாணிக்கம் உன் முகத்தில் காறித் துப்பினான். நீ துடைத்துக்கொள்ளவில்லை. “இப்ப கொழந்தயத் தேடுங்க. ஆளுக்கு ஒரு பக்கம் போங்க,” என்றாய். சிலர் போகவும் செய்தார்கள். மாணிக்கமும் மற்றவர்களும் தடியோடு அங்கேயே நின்றார்கள். நீயும் நகரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றீர்களோ. பட்டணத்திலிருந்து வரும் பாசஞ்சர் வந்து நின்றது. உஷாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் அப்பா இறங்கினார். அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே ஓடிப் போய்ப் பெண்கள் பெட்டியில் ஏறியிருக்கிறாள். செவ்வாப்பேட்டையில் அவர் இறங்கினால், பிளாட்பாரத்தில் நின்று சிரிக்கிறாளாம். அடுத்த ரயில்வரை சொல்லியனுப்ப வழியில்லை. வேலியையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு, “இன்னா ஆச்சு?” என்று கேட்டார். பதில் சொல்ல அங்கே யாரும் நிற்கவில்லை. அத்தனை பேரும் எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குள் போனார்களோ.

கட்டை அவிழ்த்ததும் அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஜைனபு தண்ணீர் கொண்டுவந்தாள். நீ அவன் வாயைக் கழுவிவிட்டாய். மண்ணில் கிடந்த முடியை நானும் நீயும் பொறுக்கிச் சாக்கில் போட்டோம். அவன் நம் மூவரையும் கும்பிட்டுவிட்டுப் போனான். கும்பிட்டானே அக்கா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்புறம் அவன் நம் சந்துப் பக்கம் வரவே இல்லை.

அடித்தவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நீயே கிடைத்தாய். “வாயாடி, அவளால ஊரே ஜெயிலுக்குப் போயிருக்கும்” என்றார்கள். அடுத்த ஞாயிறு நீ துவைக்கிற கல்லில் தலை உலர்த்த உட்கார்ந்தபோது, ஒவ்வொருத்தியாக எழுந்து உள்ளே போனார்கள். நானும் ஜைனபும் உஷாவும் மட்டும். “ஆஸ்பத்திரியில இன்னா சேதி அக்கா?” என்று கேட்டேன். “இன்னா சேதி. ரயிலு வந்துச்சு, ரயிலு போச்சு,” என்றாய். அவ்வளவுதான்.

அன்றைக்கு உஷா என் மடியில் தூங்கிய பிறகுதான் உன்னைக் கேட்டேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். பாலம், காவு, சாக்கு எல்லாவற்றையும் நீ சொல்வதற்கு முன்பே உஷா அப்பா தன் பட்டறையில் கேட்டு வந்து என்னிடம் சொல்லியிருந்தார். ஜைனபின் புருஷனுக்குக் கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த பேச்சு அது. நீ கட்டியது இல்லை.

“இன்னாத்துக்கு அக்கா அப்படிச் சொன்ன?”

“நாலு ஊர்ல சொல்றாங்கன்னு சொன்னா நம்பத்தான் செய்வாங்க. ஒருத்தி கட்டிவுட்டான்னு சொன்னாத்தான் வுடுவாங்க.”

“இப்ப நான் போயி நெசத்தச் சொல்றேன்.”

“கம்முனு இரு. புள்ள புடிக்கிற பேச்சு நெசம்னு நெனச்சா நாளைக்கி இன்னொருத்தனக் கட்டி வெச்சி அடிப்பானுங்க. நான் உயிரோட கீற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. உஷா தலையில கை வச்சிச் சொல்லு.”

சொன்னேன். ஜைனபும் சொன்னாள்.

மெல்ல மெல்ல எல்லாரும் திரும்பி வந்தார்கள். பேச்சில்லாத ஞாயிற்றுக்கிழமையை யாரால் பொறுக்க முடியும்? நீயும் பேசினாய். ஆனால் ஒவ்வொரு கதைக்கும் முன்னால் “இது நான் பாத்தது” என்றோ, “இது கேட்டதுதான்” என்றோ சொல்லிவிட்டே ஆரம்பித்தாய். எங்களுக்கு முதலில் சப்பென்று இருந்தது. பிறகு பழகிவிட்டது. மஞ்சள் காமாலையோடு உன் ஆஸ்பத்திரியிலேயே நீ படுத்திருந்தபோதும், பக்கத்துக் கட்டில்காரியைப் பற்றி என்னிடம் அப்படித்தான் சொன்னாய்.

இத்தனை நாள் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் தெரியுமா? இன்று மத்தியானம் உன் பேச்சு வந்தது. உன் வீட்டுக்குக் குடிவந்திருக்கும் புதுப்பெண், “இதுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்க?” என்று கேட்டாள். மாணிக்கத்தின் பெண்சாதி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, “தனம்னு ஒரு அம்மா. புள்ள புடிக்கிற கதையக் கட்டிவுட்டு, ஒருத்தன சாவடிக்கப் பாத்துச்சு,” என்றாள். யாரும் மறுக்கவில்லை. உஷா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவளுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ஜைனபு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

சத்தியம் நீ உயிரோடு இருக்கும் வரைக்கும்தானே அக்கா? உன் பயமும் எனக்குப் புரிகிறது. ஊர் ஊராக வரும் பேச்சு இன்னும் நிற்கவில்லை, நாளைக்கு யாரைக் கட்டி வைப்பார்களோ தெரியாது. ஆனால் ஒரு பொய்யை நிறுத்த நீ சொன்ன பொய், இப்போது உன்னையே தின்கிறது. அதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

மாட்டேன். வருகிற ஞாயிறு மத்தியானம், மாணிக்கத்தின் பெண்சாதி, புதுப்பெண், என் மகள் எல்லாரும் இருக்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். ஜைனபு கூட உட்காருவாள். சண்டை வரும், வரட்டும். மாணிக்கம் கேட்டாலும் அவன் முகத்துக்கு நேரே சொல்வேன். உன் மாதிரி ருசியாகச் சொல்ல எனக்கு வராது. நின்று சொல்வேன், அது என் பொறுப்பு.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
வசந்தா