பின்பக்கம் போன சாய்தளம்

பிப்ரவரி 6

காலையிலிருந்து மழை. கூலாய் ஊரில் கட்டப்போகும் கல்யாண மண்டபத்துக்கு நான் வரைந்த முகப்பு வரைபடத்தோடு, ‘டத்தோ’ பட்டம் வாங்கிய அதன் முதலாளியைப் பார்க்கப் போனேன். படிகளை ஒட்டிச் சக்கர நாற்காலிக்காக வரைந்திருந்த சாய்தளத்தின் மேல் விரலை வைத்தார்.

“போட்டோல அசிங்கமா விழும்லா. பின்னால போட முடியாதா?”

“போடலாம் டத்தோ.”

பின்னால் என்றால் சமையற்கட்டு. அக்கா நினைவு வந்தது. சிங்கப்பூர் வேலைக்குப் போகையில் மோட்டார் சைக்கிள் விபத்து. அன்று முதல் சக்கர நாற்காலி. அவள் இங்கே எங்கு வரப்போகிறாள்? முன்னால் இருந்ததை அழித்துப் பின்னால் வரைந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு, நவம்பர் 15

வெயில். அக்கா மகள் கவிதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பிடித்தது அதே மண்டபம். தெரிந்த நாளிலிருந்து நான் வாயே திறக்கவில்லை.

படிகளுக்குக் கீழே அக்கா. மாமாவும் இன்னும் இருவரும் நாற்காலியைப் பிடித்தார்கள்.

“பட்டுப்புடவையில என்னைய மூட்டை மாதிரி தூக்குவீங்களா? வேற வழி இல்லயா?”

பின்பக்கச் சாய்தளம் ஏறி, சமையற்கட்டு வழியாக நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். கேஸ் சிலிண்டர்த் தோம்பு, வெங்காயத் தோல், ஈரத் தரை. “ஓரமா போங்கம்மா, சூடு!” புடவை ஓரத்தில் சாம்பார்.

கூடத்துக்குள் வருவதற்குள் சம்பந்தி வீட்டார் படியேறிவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவள் கையில் இருக்கவேண்டிய பன்னீர்ச் செம்பு யாரோ ஒரு அத்தையிடம்.

பிறகு சம்பந்தியம்மா என்னிடம்: “வாசல் அரண்மனை மாதிரி இருக்கு! நீங்க வரைஞ்சதாமே?”

பக்கத்தில் அக்கா. ஆமாம் என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

நவம்பர் 17

மேகமூட்டம். சண்டை போடும் முடிவோடு டத்தோ அலுவலகம். முன்னால் சாய்தளம் வேண்டும், புது வரைபடத்துக்குக் கட்டணம் வேண்டாம் என்றேன்.

“செய்ங்க. அன்னைக்கு முடியுமான்னு தானே கேட்டேன்? முடியாதுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன்லா.”

அவ்வளவுதான். அன்று நான் சொல்லியிருக்கவேண்டியது ஒரே வார்த்தை.

நவம்பர் 18

அக்கா வீடு. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மண்டபத்துக்கு முன்னால் சாய்தளம் கட்டப் போகிறார்கள் என்றேன்.

“நல்லது. இனிமே வர்றவங்களுக்கு ஆகும்.”

தலை நிமிராமல் கேட்டாள்:

“வரையறப்ப என் ஞாபகமே வரலயா உனக்கு?”

இல்லை என்றிருந்தால் மன்னித்திருப்பாள்.

“வந்துச்சுக்கா.”

கை நின்றது. கீரைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினாள்.

“போறப்ப கதவச் சாத்திட்டுப் போ.”