தொட்டிக்குள் விட்ட ஆத்து மீன்கள்

மச்சான்,

கை இரண்டும் நீலமாகக் கிடக்கிறது. மீனுக்குப் போடுகிற நீல மருந்து. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இந்தக் கையோடு நான் நிற்கும்போதுதான், இன்று காலை மாத்தளையிலிருந்து மீன் வாங்க வந்த கடைக்காரரிடம் உன் மகள் சொன்னாள்: "வாப்பா ஒரு தடவை வலையைக் கழுவாம விட்டுட்டாரு. கப்பி மீன் எல்லாமே செத்துச்சு. அதிலருந்து நாங்க ரொம்பக் கவனம்."

நீலக் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

பல்லேபொலயில் உன் வீட்டுக்குப் பின்னால் நாம் இரண்டு பேருமாகக் கட்டிய சீமெந்துத் தொட்டிகள் அப்படியேதான் இருக்கின்றன. புது மீன் எதுவானாலும் மூன்று வாரம் தனி பிளாஸ்டிக் பேசினில், தனி வலையோடு கிடக்கவேண்டும், அந்த வலையையும் ஒவ்வொரு தடவையும் கழுவித்தான் வைக்கவேண்டும் என்பது உன் சட்டம். "மீனுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி இவ்வளவு விசாரிப்பாடா?" என்று கேலி செய்வேன். "ஆத்து மீன் நோயோட பழகினது, வெளிய காட்டாது. நம்ம மீன் தொட்டியிலயே பொறந்தது, அந்த நோயைக் கண்டதே இல்ல. ஒண்ணா விட்டா தாங்காதுடா" என்பாய். என்ன பிடிவாதம் உனக்கு!

அந்த வருடம் மழையே இல்லை. ஆறு வற்றி, பாறை இடுக்கில் ஒரு கை தண்ணீரில் நாலு மீன் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. பாவமாக இருந்தது, எடுத்துவந்தேன். நீ கண்டிக்குப் போயிருந்தாய். பேசினில் வேறு மீன் இருந்தது. நல்லாத்தானே நீந்துது என்று தொட்டியிலேயே விட்டேன். நீ திரும்புவதற்குள் பயம் வந்து அந்த நாலையும் பிடித்தெடுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் கப்பிகளின் மேலெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. அடுத்தடுத்து எல்லாத் தொட்டியும் காலி.

"வலையைக் கழுவாம விட்டுட்டேன் போலடா" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே வருடங்கள் போயின.

ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடக் கேட்டாயே, "நான் கழுவினதாத்தான் மச்சான் ஞாபகம்" என்று. "விடுடா, பழைய கதை" என்று உன் போர்வையை இழுத்துவிட்டேன். பாவி நான். அந்தக் கிழமை முடியுமுன்பே நீ மவுத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டாய்.

இன்று கடைக்காரர் போனதும் உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "வாப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே அங்கிள்" என்றாள்.

இனி அதைத்தான் சுமந்துகொண்டு திரியப்போகிறேன். நீ வலையைக் கழுவித்தான் வைத்திருந்தாய், மச்சான். உன் ஞாபகம் சரி.