எங்கள் வாசலிலும் அதே பூதான்

நாளைக்குப் படிக்க வேண்டிய தாளில் சில வரிகள் சேர்ப்பதற்காகப் பென்சில் தேடி ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். நீ கொடுத்த காய் உள்ளேயே வெடித்திருந்தது. கோணமானியின் மேல் கறுப்பு விதைகள் மிளகுத் தூள் போலச் சிதறிக் கிடந்தன. அந்தச் செடியின் கசப்பு வாசனை இன்னும் பெட்டியில் இருக்கிறது. அம்மா எழுந்து வந்தால் தமிழ்க் கட்டுரை எழுதுகிறேன் என்று சொல்லிவிடுவேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபம் அதைவிட அதிகமாக இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் நமக்கென்று ஒரு பூப்பாத்தி கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? லாரித் தண்ணீர் குடிக்கவே போதாமல் இருந்த நாட்கள். மற்றவர்கள் வைத்த ரோஜாவும் சாமந்தியும் ஒரே வாரத்தில் கருகின. நீ நொச்சிக்குப்பத்தில் படகுகளுக்குப் பின்னால் மணலில் முளைத்திருந்த செடிகளைப் பிடுங்கி, ஈரச் சாக்கு சுற்றி, உன் அம்மாவின் மீன்கூடையில் கொண்டுவந்தாய். முழங்கால் உயரம்கூட இல்லை. ஐந்து இதழ் வெள்ளைப் பூ, நடுவில் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு.

"தண்ணி ஊத்தாங்காட்டியும் பூத்துக்கினே கீது பாருடி. உப்புக் காத்துல வளந்தது, இதுக்கு இன்னா ஆவப்போவுது?" என்றாய். சொன்னபடியே அது மட்டும் பூத்தது.

தோட்டத்துக்குப் பொறுப்பான மிஸ் பாத்தியின் முன்னால் நின்று முகத்தைச் சுளித்தார். "இது சுடுகாட்டு மல்லி. யாருடி கொண்டுவந்தது? எந்த வீட்டு வாசல்லயாவது இத வைப்பாங்களா?"

நீ என்னைப் பார்த்தாய்.

எங்கள் வீட்டு வாசலில் அது இருந்தது. நோட்டு வாங்க வந்த அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டாய். "ஐய, எங்க பூவு உங்க ஆத்துல கீதுடி," என்று என் பேச்சையும் சேர்த்துக் கேலி செய்தாய். நித்தியகல்யாணி என்பது அம்மா அதற்குச் சொல்லும் பெயர். தினமும் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அதைப் பறித்துத்தான் சுவாமிக்கு வைக்கிறாள்.

"மிஸ், இவ வூட்ல..." என்று தொடங்கினாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ அந்தப் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டு வேறு கேட்டாய்: "செத்தவங்களுக்கும் பூ வோணும்ல மிஸ்?"

வகுப்பே சிரித்தது. மிஸ் உன்னை வைத்தே எல்லாச் செடியையும் பிடுங்கச் செய்தார். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் இல்லாத பள்ளிக்கூடத்தில் உன் கையைக் கழுவ மட்டும் ஒரு வாளித் தண்ணீர் வந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில், "கோவமாடி?" என்று கேட்டேன்.

"உங்கம்மா வைவாங்கன்னு பயந்துட்ட. வுடு," என்றாய். பாவாடைப் பையிலிருந்து இந்தக் காயை எடுத்துக் கொடுத்தாய். "மழ வந்தா போடு. உங்க ஆத்துலயே போடு."

லீவு முடிந்து வந்தபோது உன் இடம் காலியாக இருந்தது. மஞ்சள் காமாலை என்றார்கள். பதினைந்தாவது நாள் நீ போய்விட்டாய். அடிபம்புத் தண்ணீர் சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். உங்கள் தெருவில் இன்னும் நாலு பேருக்கு அதே காமாலை என்று உன் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று அழுதார். யார் காதிலும் அது ஏறவில்லை. "சுடுகாட்டுப் பூவத் தொட்டா சும்மா விடுமா?" என்கிறார்கள் வகுப்புப் பெண்கள். "நான் அன்னிக்கே சொன்னேன்," என்கிறார் மிஸ். என் அம்மாவும், "சாவு கீவுன்னு அச்சானியமாப் பேசிண்டிருந்த பொண்ணு, பாவம்," என்றாள். அப்போது அவள் கையிலிருந்த பூக்குடலையில் இருந்தது அதே பூ. பூதான் உன்னைக் கொன்றது என்றால் என் அம்மா எப்படி உயிரோடு இருக்கிறாள்?

நாளை பிரேயரில் இரங்கல் தாளைப் படிக்கப் போவது நான். எனக்கு உச்சரிப்பு நன்றாக இருக்கிறதாம். மிஸ் எழுதிக் கொடுத்த தாளில் நீ 'அமைதியும் அடக்கமும் மிக்க மாணவி'. உனக்கே சிரிப்பு வந்திருக்கும். "எழுதினத மட்டும் படி. சொந்தமா ஒண்ணும் சேர்க்காத," என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

நான் சேர்த்துவிட்டேன். 'அவள் கொண்டுவந்த பூ எங்கள் வீட்டு வாசலிலும் இருக்கிறது. அதைத்தான் நாங்கள் சுவாமிக்கு வைக்கிறோம். அன்று அவள் அதைச் சொல்ல வந்தாள். எனக்காகச் சொல்லாமல் விட்டாள்.' பயம் வந்தால் அழித்துவிடலாம் என்று முதலில் பென்சிலால் எழுதினேன். இப்போது அதன் மேலேயே பேனாவால் எழுதியாகிவிட்டது.

மழை இன்னும் வரவில்லை. விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேறொரு துண்டுத் தாளில் மடித்திருக்கிறேன். நாளை படிக்கும்போது அவை என் இடது கைக்குள் இருக்கும். படித்து முடித்ததும் என்னையும் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்வார்கள். நான் கழுவமாட்டேன்.